வெள்ளைக் குட்டியை என்ன செய்யிறது?

போன மாரி தொடங்கின நேரம், கிளிநொச்சியில் எங்கட நண்பன் ஒருவனின் மாமா வீட்டில் ஜேர்மன் செப்பர்ட் ஒன்று ஏழு குட்டி போட்டது. ஆறு குட்டி எல்லாரும் எதிர்பார்த்த மாதிரி கறுப்பும் மண்ணிறமும். ஏழாவது வெள்ளை. புள்ளி, கோடு ஒண்டும் இல்லாத முழு வெள்ளை.

ஆறு குட்டிக்கும் முற்பணம் வந்துவிட்டது. ஏழாவதைப் பார்க்க வந்த ஒருத்தர் தூக்கிப் பார்த்துவிட்டு, "உது கலப்பு அண்ணை. தாய் எங்கேயோ வேலி பாய்ஞ்சிருக்கு" எண்டு சொல்லி வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் இன்னொருத்தர் ஆலோசனை சொன்னார்: வெள்ளைக் குட்டி பிறந்தது வெளியில தெரிஞ்சால் மற்ற ஆறுக்கும் விலை விழும், இதை ஊசி போட்டு முடிச்சு விடுங்கோ. மாமா கெட்ட மனிசன் இல்லை. ஆனால் ஆறு குட்டியின்ர காசில மகளின்ர கம்பஸ் செலவு ஓடுது. இரண்டு நாள் யோசித்துவிட்டு மருமகனுக்குக் கோல் எடுத்தார். "தம்பி, நீங்கள் படிக்கிற பிள்ளையள். இது உண்மையாக் கலப்போ எண்டு ஒருக்காத் தேடிச் சொல்லுங்கோவன்."

நாங்கள் கலைப்பீடம். மிருக வைத்தியமும் தெரியாது, பிறப்புரிமையியலும் தெரியாது. ஆனால் பழைய கதைகளைத் தேடி வாசிக்கத் தெரியும். அப்படித் தேடப் போய், ஒரு வெள்ளைக் குட்டியில் தொடங்கி ஜேர்மனி, ராஜபாளையம், லண்டன் எல்லாம் சுற்றிக் கடைசியில் திரும்ப வன்னிக்கே வந்து சேர்ந்தோம். அந்தப் பயணம்தான் இந்தக் கட்டுரை.

தாத்தா வெள்ளை

ஜேர்மன் செப்பர்ட் என்ற இனத்துக்குப் பிறந்த தேதி உண்டு எண்டே சொல்லலாம். 1899-இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெபனிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்க்கும் நாயொன்றை ஒரு கண்காட்சியில் கண்டு வாங்கினார். அதற்கு ஹொராண்ட் ஃபொன் கிராஃப்ராத் எண்டு பெயர் வைத்தார். அதே வருசம் ஒரு சங்கம் தொடங்கிப் பதிவேடு திறந்தார்கள். அந்தப் பதிவேட்டின் முதல் நாய் ஹொராண்ட். இண்டைக்கு உலகம் முழுக்க இருக்கிற ஜேர்மன் செப்பர்ட்டுகளின் வம்சாவளியைப் பின்னால் பின்னால் கொண்டு போனால் இந்த ஹொராண்டில் போய் முட்டும்.

அந்த ஹொராண்டின் தாய்வழித் தாத்தா ஒரு வெள்ளை நாய். பெயர் கிறைஃப்.

அதாவது வெள்ளை வெளியிலிருந்து வேலி பாய்ந்து வந்த நிறம் இல்லை. அத்திவாரத்திலேயே இருந்த நிறம். இது நடக்கும் விதமும் சிக்கலானது இல்லை. ஒவ்வொரு குட்டியும் தாயிடம் ஒரு பிரதி, தகப்பனிடம் ஒரு பிரதி என நிறத்துக்கான குறிப்பை வாங்குகிறது. செப்பர்ட்டின் வெள்ளை பின்னடைவான குறிப்பு. ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியில் தெரியாது, நாய் கறுப்பு-மண்ணிறமாகவே இருக்கும். அப்படி ஒளித்து வைத்திருக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் வெள்ளையாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஏழு குட்டியில் ஒன்று வெள்ளை எண்டால், கணக்குப் பிழைக்கவில்லை.

இதில் எங்களுக்கு உறைத்த விசயம் ஒன்று இருக்கு. பார்க்க வந்த ஆக்கள் எல்லாரும் தாயைத்தான் சந்தேகப்பட்டினம். ஆனால் வெள்ளைக் குட்டி பிறக்க வேண்டுமெண்டால் தகப்பனிடமும் அதே குறிப்பு இருந்தே ஆகவேண்டும். தகப்பன் நாயின் சொந்தக்காரரை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாய்க்கும் அதே நியாயம்தான் போல.

சரி, அத்திவாரத்திலேயே இருந்த நிறம் எப்போது குற்றமாகியது? 1933-இல் ஜேர்மனியில் இனத் தரத்திலிருந்து வெள்ளை விலக்கப்பட்டது. வருசத்தைக் கவனியுங்கோ. இனத்தூய்மை என்ற சொல் மனிதர்களுக்கே சட்டமாகத் தொடங்கிய காலம். வெள்ளை நாய் பலவீனமானது, மற்ற நாய்களின் நிறத்தையும் வெளிறச் செய்யும் எண்டெல்லாம் அதன் மீது பழி ஏறியது. நிறம் வெளிறும் என்ற குற்றச்சாட்டுப் பிழை எண்டு பிறகு பிறப்புரிமையியல் காட்டியது. ஆனால் தரம் மாறவில்லை. 1968-இல் அமெரிக்காவிலும் கண்காட்சிக் களத்தில் வெள்ளை தகுதியற்றதானது. பல தலைமுறைகளாக எத்தனையோ வீடுகளில் வெள்ளைக் குட்டிகள் பிறந்த அண்டே முடிக்கப்பட்டன. மாமாவுக்குச் சொல்லப்பட்ட அதே ஆலோசனைதான்.

கதை அங்கே முடியவும் இல்லை. விலக்கப்பட்ட வெள்ளை நாய்களை வட அமெரிக்காவில் சிலர் விடாமல் வளர்த்தார்கள். அவற்றில் சில சுவிற்சர்லாந்துக்குப் போயின. 1991-இல் சுவிஸ் பதிவேடு அவற்றைத் தனி இனமாக ஏற்றது. 2011-இல் சர்வதேசச் சங்கமும் வெள்ளைச் சுவிஸ் செப்பர்ட் என்ற பெயரில் முழு அங்கீகாரம் கொடுத்தது. ஒரே பரம்பரை, ஒரே குட்டி. ஒரு பதிவேட்டில் குறைபாடு, இன்னொரு பதிவேட்டில் இலட்சணம்.

ராஜபாளையத்தில் தலைகீழ்

இதை வாசித்து முடித்த கையோடு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப ராஜபாளையம் நாய் வெள்ளையாத்தானே இருக்கு?" அங்கதான் கதை தலைகீழாகத் திரும்பியது.

ராஜபாளையம், தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். அந்த ஊர்ப் பெயரில் அறியப்படும் நாய் உயரமானது, மெலிந்த வயிறு, நீண்ட கால். பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர் போனது. அதன் தரம் சொல்லும் நிறம் பால் வெள்ளை. மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு முத்திரைகளில் ஒன்று இந்த நாய்க்கு.

ஆனால் ராஜபாளையம் நாய் எப்போதும் வெள்ளையாக மட்டும் பிறப்பதில்லை. கறுப்பு, மண்ணிறம், புள்ளி விழுந்த குட்டிகளும் பிறக்கும். முன்பு என்ன செய்தார்கள் எண்டால், அந்த நிறக் குட்டிகளைக் கொன்றார்கள். வாங்குகிறவர்கள் மாசு மருவில்லாத வெள்ளையைத்தான் கேட்டார்கள். எனவே வெள்ளை மட்டும் வளர்ந்தது, வெள்ளையோடு வெள்ளை சேர்ந்தது. ஜேர்மனியில் வெள்ளையாகப் பிறந்தது குற்றம். ராஜபாளையத்தில் வெள்ளையாகப் பிறக்காதது குற்றம். இரண்டு இடத்திலும் சாட்டப்பட்ட காரணம் ஒன்றுதான்: இனம் கெட்டுப் போகும்.

இந்தத் தெரிவுக்கு ஒரு விலை இருந்தது. ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை வரும் எண்டு வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பேசுகிறார்கள். வெள்ளைக்கும் காதுக்கும் என்ன தொடர்பு எண்டு நாங்களும் முதலில் குழம்பினோம். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்களை உயிரோடு வைத்திருக்க அவை தேவை. அந்த உயிரணுக்கள் உடலின் எல்லாப் பக்கத்துக்கும் போய்ச் சேராத நாய் வெள்ளையாகப் பிறக்கும். உள்காதுக்கும் போய்ச் சேராவிட்டால், பிறந்து சில வாரங்களில் செவிடாகும். டல்மேசன் நாய்களில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கு: அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறத்தாழ 30 வீதத்துக்கு ஒரு காதிலாவது கேள்வி இல்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லவேணும். எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. செப்பர்ட்டின் வெள்ளையில் நிற உயிரணுக்கள் இருக்கின்றன, மயிரில் கருமை மட்டும் ஏறுவதில்லை. அதனால் அதன் மூக்கு கறுப்பாகவே இருக்கும், காதுக்கும் அந்த நிறத்தால் கேடில்லை. ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பு. அங்கே தோலிலேயே நிறம் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளை நாய். மூக்கைப் பார்த்தால் இரண்டு வேறு கதை.

கன்னியும் சிப்பிப்பாறையும்

தென் தமிழ்நாட்டு வளர்ப்பாளர்களிடையே இன்னொரு நிற வழக்கு இண்டைக்கும் ஓய்ந்தபாடில்லை. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கங்களில் ஒல்லியான வேகமான முயல் வேட்டை நாய்கள் உண்டு. கறுப்பு உடலும் மண்ணிறக் காலும் உள்ளதைக் கன்னி என்பார்கள். சாம்பல், மங்கல் மஞ்சள் போன்ற நிறங்களில் வந்தால் சிப்பிப்பாறை. இவை இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு நிறமா?

ஒரு பக்கம் சொல்லும்: உடல், ஓட்டம், வேலை எல்லாம் ஒன்று, பழைய ஆட்கள் நிறத்தை அடையாளமாகச் சொன்னதை இண்டைக்குப் பதிவேட்டுக்காரர் இனமாக்கிவிட்டினம். மற்றப் பக்கம் சொல்லும்: கன்னியைக் கன்னியோடு மட்டும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்கள் இருக்கின்றன, அந்த உழைப்பை நிறபேதம் எண்டு தள்ளிவிட முடியாது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த நாய் என்பதால் கன்னி எனப் பெயர் வந்ததாக ஒரு கதையும் உலவுகிறது. சீதனம், சுத்தம், கன்னி. சொற்களைப் பார்த்தால் பேச்சு நாயைப் பற்றியதோ எண்டு சந்தேகம் வரும்.

2020 ஓகஸ்டில் இந்தியப் பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லி, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அழிவின் விளிம்பில் இருந்த நாய்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது நல்ல விசயம். ஆனால் கேள்வி கூடும்போது கண்டிப்பும் கூடும். எது அசல், எது போலி எண்டு கேட்கத் தொடங்கினால், முதலில் பார்க்கப்படுவது நிறம். அதைத்தானே தூரத்திலிருந்து ஒரு படத்திலேயே பார்க்க முடியும்.

வேலை போனது, நிறம் வந்தது

இங்கே கொஞ்சம் வரலாற்றுக்குள் இறங்குவம். ராஜபாளையம் வகை நாய்களை வெள்ளைக்காரர் பாளையக்காரர் நாய் எண்டு அழைத்தார்கள். பாளையக்காரர்களின் வேட்டைக் காட்டிலும் கோட்டைக் காவலிலும் நின்றவை. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-க்குள் பாளையங்களின் ஆயுத பலம் முறிக்கப்பட்டது. இரண்டு வருசம் கழித்து, 1803 ஒக்ரோபரில், எங்கட பக்கம் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் வான் டிறிபேர்க்கின் படையால் தோற்கடிக்கப்பட்டான். கற்சிலைமடு நடுகல்லைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் எங்களில் பலர் இருப்பம். பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், காட்டையும் வேட்டையையும் தங்கட அதிகாரமாக வைத்திருந்த சிற்றரசர்கள் முடிந்து போனார்கள்.

அதன் பிறகும் நாய்கள் இருந்தன. ஆனால் அவற்றின் வேலை மெல்ல மெல்லப் போனது. இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டது. பன்றியை எதிர்த்து நிற்குமா, வெயிலில் எத்தனை கட்டை ஓடும், ஆட்டுக்கு வாய் வைக்காமல் இருக்குமா எண்டு கேட்டு நாயைத் தெரிந்த காலம் போய், பார்க்க எப்படி இருக்கு எண்டு கேட்கும் காலம் வந்தது.

இதே மாற்றம் இங்கிலாந்தில் அதற்கு முன்பே நடந்திருந்தது. 1859-இல் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சியை நவீன கண்காட்சிகளின் முதலாவது என்பார்கள். அதில் கலந்துகொண்டவை வேட்டை நாய்கள், கொடுத்த பரிசு துவக்கு. 1873-இல் லண்டனில் கெனல் கிளப் தொடங்கியது. அதன் பிறகு இனம் என்றால் பதிவேடு, பதிவேடு என்றால் தரம், தரம் என்றால் நிறமும் அங்குலமும். அதே ஆட்கள் எங்களையும் எண்ணிய காலம்தான் அது: 1871-இல் இலங்கையின் முதலாவது முறையான குடிசனக் கணக்கெடுப்பு. மனிசரை இனமாகப் பிரித்துக் கட்டத்துக்குள் எழுதிய கையும் நாயை இனமாகப் பிரித்து எழுதிய கையும் ஒரே காலத்தின் கைகள். நாங்கள் இரண்டையும் ஒன்று எண்டு சொல்லவில்லை. கட்டத்துக்குள் அடங்காததைப் பிழை எண்டு பார்க்கும் பழக்கம் ஒன்று எண்டு மட்டும் சொல்லுறம்.

தரம் எப்போதும் கல்லில் வெட்டியதும் இல்லை. லப்ரடோர் ஒரு காலத்தில் கறுப்பு எண்டால் மட்டும் லப்ரடோர். மஞ்சள் குட்டி பிறந்தால் ஒதுக்கினார்கள். 1899-இல் பிறந்த பென் ஒஃப் ஹைட் என்ற நாய்தான் பதிவில் உள்ள முதலாவது மஞ்சள் லப்ரடோர். இண்டைக்கு எங்கட ஊரில் லாப் குட்டி எண்டு கேட்டால், பல பேருக்கு மனதில் வருவது மஞ்சள்தான்.

மற்றப் பக்கத்தையும் கேட்க வேணும்

இவ்வளவும் வாசித்தவுடன், தரம் எல்லாம் சும்மா, எந்த நிறமும் வரட்டும் எண்டு முடிக்கத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் அது அரைவாசி உண்மை.

தரத்தைக் காக்கிறவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கு. அபூர்வ நிறத்துக்குக் கூடின விலை வந்தவுடன், அதை மட்டும் நோக்கி நாயைப் பெருக்கும் கூட்டம் வரும். மேர்ல் எனப்படும் சலவைக்கல் போன்ற திட்டு நிறத்தை எடுங்கோ. ஒரு பிரதி இருந்தால் அழகு. இரண்டு மேர்ல் நாய்களைச் சேர்த்து, குட்டிக்கு இரண்டு பிரதியும் வந்தால், செவிடாகவும் குருடாகவும் பிறக்கும் ஆபத்துப் பெரிது. இது தெரிந்தும் படத்துக்காகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1950-களிலிருந்து வெள்ளி நிற லப்ரடோர் பற்றிய சண்டை நடக்கிறது. அந்த நிறம் வைமரானர் என்ற வேறு இனத்தைக் களவாகக் கலந்ததால் வந்தது என்பது லப்ரடோர் சங்கத்தின் நிலைப்பாடு. இல்லை, ஒளிந்திருந்த குறிப்பு வெளியே வந்தது என்பது வளர்ப்பவர்களின் பதில். பதிவேடு அவற்றைச் சொக்கிலேற் நிறம் எண்டு பதிந்துகொண்டு நடுவில் நிற்கிறது. அந்த வெளிறிய நிறம் உள்ள நாய்களில் சிலவற்றுக்கு மயிர் கொட்டித் தோல் வருத்தம் வருவது மட்டும் இரண்டு தரப்புக்கும் தெரிந்த விசயம்.

ஆக, நாங்கள் கண்டது இதுதான். தரத்தில் இல்லாத நிறம் எண்டு குட்டியைக் கொல்லுகிறவரும், ஒருத்தரிட்டயும் இல்லாத நிறம் எண்டு இரட்டை விலை சொல்லுகிறவரும் எதிரிகள் மாதிரித் தெரிந்தாலும், இருவரும் செய்வது ஒரே வேலை. இருவரும் நாயின் மயிரை மட்டும் பார்க்கினம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த நிறத்தோடு நோய் ஏதும் சேர்ந்து வருதா? வந்தால் அந்தச் சேர்க்கையைத் திரும்பச் செய்யாதேங்கோ. வராவிட்டால் அந்த நிறம் ஒரு நிறம், அவ்வளவுதான். இரண்டு நிலையிலும், பிறந்துவிட்ட குட்டி செய்த குற்றம் ஒண்டும் இல்லை.

ஏற்கெனவே சின்னக் கூட்டமாக இருக்கும் இனத்தில் நிறத்துக்காகக் குட்டிகளைக் கழித்தால், மிச்சம் இருப்பவை இன்னும் நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே சேரவேண்டி வரும். ராஜபாளையத்துக்கு நடந்ததும் இதுதான். கறுப்புக் குட்டியைக் கொன்று காப்பாற்றிய வெள்ளை, காது கேளாத வெள்ளையாகவும் வந்தது.

எங்கட நாய்கள்

வன்னியில் எங்கட அம்மம்மாமார் நாயின் நிறத்தைப் பெயராக்கினார்கள். கறுப்பன், வெள்ளையன், சிவப்பி, புள்ளி. நிறம் கூப்பிடுவதற்கு. விலை பேசுவதற்கு இல்லை. வயல் காவலுக்குப் போகும்போது நாயும் போகும், பன்றி வந்தால் குரைக்கும், யானை வந்தால் ஆளுக்கு முதலே தெரியும். அதன் இனம் என்ன எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை.

2009-இல் எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்தபோது, ட்ராக்டருக்குப் பின்னால் நாய்கள் ஓடி வந்ததும், பிறகு ஒரு இடத்தில் ஓடி வராமல் நின்றதும் எங்களில் சிலருக்கு மங்கலாக நினைவிருக்கு. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, கூரையில்லாத வீடுகளில் வேறு நாய்கள் படுத்திருந்தன. யாருடைய நாய் எண்டு தெரியாது. அவற்றுக்குச் சோறு வைத்தோம், அவை எங்கட நாய்கள் ஆகின. இண்டைக்கு வன்னியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கும் நாய்கள் அந்தத் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள். பத்து ஊர் நாய்கள் கலந்து வந்தவை. கலப்பு எண்டு சொல்லி முகம் சுளிக்க எங்களுக்கு என்ன அருகதை? நாங்களும் அப்படித்தானே திரும்பி வந்து சேர்ந்தோம்.

மகாவம்சத்தைப் பற்றி நாங்கள் வழமையாக வேறு காரணங்களுக்காகத்தான் சண்டை பிடிப்பம். ஆனால் அதில் விஜயனின் ஆட்கள் கரையிறங்கும் இடத்தில் ஒரு நாய் வருகிறது. உண்மையில் அது நாய் உருவெடுத்த யட்சி. அதைக் கண்டதும் ஒருவன், ஊர் இருக்கிற இடத்தில்தானே நாய் இருக்கும் எண்டு நினைத்துப் பின்னால் போகிறான். மீள்குடியேறிய முதல் கிழமைகளில், இரவில் தூரத்தில் நாய் குரைத்தால் அங்க ஆக்கள் வந்திட்டினம் போல எண்டு அப்பாமார் பேசிக்கொண்டதை நினைத்தால், அந்த வரியின் அர்த்தம் எங்களுக்குப் புரிகிறது.

தமிழில் ஒரு நாய்க்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதையும் நிறத்துக்காகக் கிடைத்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரன் ஒருவனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது எண்டு கல்வெட்டில் பதிந்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருசமாக அந்தக் கல்லில் நிற்பது ஒரு நாயின் பெயரும் அது செய்த வேலையும்.

ஏழாவது குட்டி

இதையெல்லாம் எழுத்தில் இல்லாமல், ஒரு பின்னேரம் மாமா வீட்டு முற்றத்தில் இருந்து கதையாகச் சொன்னோம். மாமா கனக்கக் கேள்வி கேட்டார். முக்கியமாக ஒரு கேள்வி: "அப்ப இதுக்குக் காது கேக்குமோ?"

முதலில் மூக்கைப் பார்த்தோம். கறுப்பு. பிறகு குட்டி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அதன் கண்ணில் படாமல், பின்னால் தூர நின்று திறப்புக் கோர்வையைக் குலுக்கினோம். குட்டி சட்டென்று திரும்பியது. இன்னொரு முறை, மற்றப் பக்கத்திலிருந்து. திரும்பியது. பிறகு ஓடி வந்து திறப்பைக் கடிக்கப் பார்த்தது. இது வீட்டுச் சோதனைதான், மிருக வைத்தியரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறம்.

மாமா செய்த அடுத்த வேலை எங்களுக்கு அதைவிடப் பிடித்திருந்தது. முற்பணம் தந்த ஆறு பேருக்கும் கோல் எடுத்து, ஒரு குட்டி வெள்ளையாகப் பிறந்திருக்கு, அதனால உங்கட குட்டியும் அந்தக் குறிப்பை ஒளிச்சு வைச்சிருக்கக்கூடும், வேண்டாமெண்டால் காசைத் திருப்பித் தாறன் எண்டு சொன்னார். இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அது மாமாவுக்குச் சின்னத் தொகை இல்லை. தகப்பன் நாயின் சொந்தக்காரருக்கும் கோல் போனது. அவர் முதலில் கோவப்பட்டார், பிறகு அடுத்த முறை யோசித்துத்தான் சேர்ப்பேன் எண்டார்.

வெள்ளைக் குட்டியை அபூர்வ நிறம் எண்டு போட்டால் நல்ல விலை போகும் எண்டு ஒரு யோசனையும் வந்தது. மாமா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அது எங்கட நண்பன் வீட்டில், பரந்தன் பக்கம், ஒரு வயல் கரையில் வளருது. வெள்ளை மயிரில் சேறு ஒட்டினால் கழுவிறது பெரிய வேலை எண்டு அவன்ர அம்மா மட்டும் பேசிக்கொண்டிருக்கிறா.

பெயர் வெள்ளையன். வேற என்ன வைக்கிறது?